ரோஸ் கலருக்கு அதிக ஓட்டு

வாரத்தில் ஆறு நாள் பிஸ்கட் பாக்கெட்டோடு மாரடிக்கிறவனை, ஏழாவது நாளும் பிஸ்கட் பாக்கெட் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகிற நண்பன் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அவனுக்கு வாய்த்திருந்தான்.

அவன் பிஸ்கட் தொழிற்சாலையில் பாக்கெட் கட்டும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவன். அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிர் பிழைத்திருந்தது. மற்றபடி ஊருக்கெல்லாம் அவன் பிஸ்கட். நண்பனுக்கு லிப்ட் பழுது பார்க்கும் வேலை. தொழிற்சாலையின் சரக்கு லிப்ட் ஒருமுறை மக்கர் பண்ணியபோது வந்தவன், லிப்ட்டைச் சரி செய்துவிட்டு பிஸ்கட்டோடு ஒட்டிக்கொண்டான். அருங்காட்சியகத்தின் லிப்ட்டுகளும் அவன் பொறுப்பில்தான் இருந்தன. அங்கே இரண்டு இலவச அழைப்பிதழ் கொடுத்திருந்தார்கள்.

"வாடா, எப்பப் பாரு வீடு, அம்மா, பேக்டரி. மனுஷனா நீ? பாப் ஆர்ட்னு ஒண்ணு வந்திருக்காம்."

"அப்படின்னா?"

"நாம கடையில வாங்குற சாமானையே பெருசாப் பண்ணி வச்சிருக்கானுங்க. பார்த்துட்டு நாம ஆச்சரியப்படணும். அவ்வளவுதான்."

அம்மாவைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு பிஸ்கட் கிளம்பினான். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆள் நடமாடுவது தெரியும், ஆள் யாரென்று தெரியாது. ஆபரேஷனுக்கு ஒருவழியாக நாள் கொடுத்திருந்தார்கள்.

அருங்காட்சியக வாசலில் குடையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெயில் காலத்தில் குடை வைத்திருப்பவன் அதனால் எதையாவது குத்துவதற்கே வந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். தண்ணீர் பாட்டிலையும் வாங்கிக்கொண்டார்கள். சட்டையில் ஆரஞ்சு வில்லை ஒன்றை ஒட்டி, இதைக் கழற்றினால் நீங்கள் பார்வையாளர் இல்லை என்று எச்சரித்து அனுப்பினார்கள்.

முதல் கூடத்தில், பீரோ உயரத்துக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் நின்றிருந்தது. பிஸ்கட் அதைச் சுற்றி வந்தான். நண்பன் காவலரிடம் கேட்டான்.

"சார், உள்ள பிஸ்கட் இருக்கா?"

"காலி சார். உள்ள எதாவது இருந்தா எறும்பு வரும். எறும்பு வந்தா இன்ஷூரன்ஸ் போயிடும்."

அடுத்தது ஆள் உயரப் பற்பசைக் குழாய். அதை ஒருவர் நடுவில் அமுக்கியிருப்பதாகவும், அந்த அமுக்கல் நவீன மனிதனின் தனிமை என்றும் வழிகாட்டிப் பெண் ஒரு கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இங்கே கலைஞர் அன்றாடத்தைக் கேள்வி கேட்கிறார்" என்றாள்.

"பதில் வந்துச்சாம்மா?" என்றான் நண்பன்.

பிஸ்கட் சிரித்துவிட்டான். வெகுநாள் கழித்து வாய்விட்டு வந்த சிரிப்பு. காவலர் விரலை உதட்டில் வைத்தார். வந்தது நல்லதுதான் என்று அவனுக்குத் தோன்றியது.

கடைசிக் கூடத்துக்குள் நண்பன்தான் முதலில் போனான். பிஸ்கட் போனபோது அங்கே நல்ல கூட்டம். ஒரு முழுச் சுவரை அடைத்து ஒரே பெண்ணின் முகம் முப்பது முறை அச்சாகியிருந்தது. ரோஸ், பச்சை, நீலம், ஆரஞ்சு என்று மாறி மாறி. கறுப்பும் வண்ணமுமாகத் தட்டையாகிப் போன முகம். ஜன்னல் கம்பிகள், கம்பிக்கு வெளியே நீண்ட ஒரு கை, கழுத்தில் தொங்கும் ஒரு பட்டை, அகலத் திறந்த வாய்.

பிஸ்கட்டின் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன.

முகத்தை வைத்து அவன் கண்டுபிடிக்கவில்லை. முகம் அடையாளம் தெரியாதபடிதான் இருந்தது. அவனுக்குத் தெரிந்தது அந்தப் புகைப்படம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு செய்தித்தாளின் முதல் பக்கத்தில் வந்தது. நாலு மாடித் துணிக்கடை ஒன்று தீப்பிடித்து எரிந்தது. பின்கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். மூன்றாம் மாடியில் ஆயத்த ஆடைப் பிரிவில் நின்றவள் அவன் தங்கை. கழுத்தில் தொங்குவது அளவெடுக்கும் டேப்.

அன்றைக்கு அவன் தெருவில் கிடைத்த பத்திரிகைகளையெல்லாம் வாங்கிக் கிழித்தான். அம்மாவிடம் படத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்று பக்கத்து வீட்டார் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் கேட்டுக்கொண்டான். பெட்டி மூடியே வந்தது. அம்மாவிடம், தீ மூன்றாம் மாடிக்கு வரவே இல்லை, புகைதான் வந்தது, தூக்கத்தில் போவதுபோலப் போய்விட்டாள் என்று சொன்னான். அம்மா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து உட்கார்ந்தாள், சாப்பிட்டாள், இன்றுவரை நடமாடிக்கொண்டிருந்தாள்.

"கழுத்தில் ஓடும் இந்த மஞ்சள் பட்டையைப் பாருங்கள்" என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள். "நுகர்வு என்ற பாம்பு நம்மை எப்படி நெரிக்கிறது!"

கூட்டம் தன் கழுத்தைத் தடவிக்கொண்டது.

சுவரின் கீழே நான்கு கண்ணாடி ஜாடிகள் இருந்தன. ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான் கொடுத்தார்கள். பிடித்த நிறத்துக்கான ஜாடியில் அதைப் போட வேண்டும். அதிக ஓட்டு வாங்கும் நிறத்து முகம் சுவரொட்டியாக நகரமெங்கும் வரும். பேருந்துகளிலும் வரும்.

"பச்சையில முகம் செத்துப்போன மாதிரி இருக்குங்க" என்று ஒரு மனைவி தன் கணவனிடம் சொன்னாள். "ரோஸ்தான் எடுப்பா இருக்கு."

நண்பன் கூட்டத்திலிருந்து முகம் மலர வந்தான். "நான் ரோஸுக்குப் போட்டேன்டா. நீ?"

பிஸ்கட் அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். "அது என் தங்கச்சிடா."

நண்பன் அந்தத் தங்கையைப் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதுதான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை, போக வழி தெரியாமல் அங்கேயே நின்றது. பிறகு நேரே ஜாடிக்குப் போய்க் கையை உள்ளே விட்டான்.

"சார், போட்ட ஓட்டைத் திருப்பி எடுக்கக் கூடாது" என்றார் காவலர்.

"தெரியாமப் போட்டுட்டேன்யா!"

"எல்லாரும் தெரியாமத்தான் சார் போடுறாங்க. அதுக்காக எடுக்க முடியுமா?"

படத்தின் பக்கத்தில் ஒரு சீட்டு இருந்தது. 'ஜன்னல், முப்பது முறை. பெயர் தெரியாத பெண்.' பிஸ்கட் அதைப் படித்துவிட்டு, பெயர் எனக்குத் தெரியும் என்று காவலரிடம் சொன்னான். காவலர் மரியாதையாக, "தரையில போட்டிருக்கிற கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு சொல்லுங்க சார்" என்றார்.

கீழ்த்தளத்தில் 'உங்கள் உணர்வு எங்களுக்கு முக்கியம்' என்ற பலகைக்கு அடியில் ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். அவன் பார்வையாளர் அனுபவ அலுவலர். முன்னால் ஒரு தொடுதிரை.

"சொல்லுங்க சார், புகாரா, உணர்வா?"

"ரெண்டும்தான் தம்பி."

"ரெண்டும்னா மெஷின் எடுத்துக்காது. புகார்னா கழிவறை, வண்டி நிறுத்தம், காபி. உணர்வுன்னா வியப்பு, மகிழ்ச்சி, சிந்தனை."

"துக்கம் இல்லையா?"

"இருந்துது சார். போன வருஷம் பூரா யாரும் அமுக்கலைன்னு எடுத்துட்டாங்க." அவன் உண்மையாகவே வருந்தினான். "சிந்தனை போட்டுக்கட்டுமா? அதுதான் கிட்டத்துல வரும்."

'சிந்தனை' அமுக்கியவர்கள் கண்காட்சிப் பொறுப்பாளரைப் பார்க்கலாம் என்று ஒரு விதி இருந்தது. இதுவரை யாரும் அதைப் பயன்படுத்திக்கொண்டதில்லை. பிஸ்கட்டும் நண்பனும் மேலே போனார்கள்.

பொறுப்பாளர் தடித்த கறுப்புக் கண்ணாடி போட்ட அம்மாள். அவருடைய அறையில் விருந்தினருக்கு இருந்த நாற்காலி, விரித்த உள்ளங்கை வடிவில் சிவப்பு பிளாஸ்டிக்கால் செய்தது. நண்பன் ஓரத்து ஸ்டூலில் உட்கார, பிஸ்கட் அந்த உள்ளங்கையில் உட்கார்ந்தான். ஐந்து விரல்களும் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றன. எப்போது மூடுமோ என்று அவனுக்கு ஒரு பயம் இருந்தது.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். கடை, தீ, அம்மா, அம்மாவிடம் சொன்ன பொய், கண் ஆபரேஷன். படத்தை எரிக்கச் சொல்லவில்லை, சுவரொட்டி மட்டும் போட வேண்டாம் என்றான். பேருந்தில் வேண்டாம். அம்மா பேருந்தில் போகிறவள்.

பொறுப்பாளரின் கண்கள் கலங்கிவிட்டன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எவ்வளவு அழகா இருக்கு" என்றார்.

"என்னதும்மா?"

"பார்வை திரும்பி வர்ற ஒரு தாய். முதல்ல அவங்க கண்ணுல படுறது இந்தப் படம். இதை நாங்களா திட்டம் போட்டிருந்தா இவ்வளவு நல்லா வந்திருக்காது. ஆபரேஷன் தேதி மட்டும் சொல்லுங்களேன்."

நண்பன் எழுந்துவிட்டான். பிஸ்கட் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"அம்மா, பெயர் தெரியாத பெண்ணுன்னு போட்டிருக்கு. எனக்குப் பெயர் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும். படைப்புக்குத் தெரியாதே." அவர் பொறுமையாக விளக்கினார். "நீங்க ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். அது உங்க தங்கச்சி இல்ல, தங்கச்சியோட பிம்பமும் இல்ல. பத்திரிகையில வந்த பிம்பத்தோட பிம்பம். உங்க தங்கச்சி ஒரு தடவைதான் செத்தாங்க. அதுல யாருக்கு என்ன இருக்கு? தினமும் யாராவது சாகுறாங்க. முப்பது தடவை போட்டப்பதான் அது எல்லாருக்கும் சொந்தமாச்சு. இப்ப நீங்க வந்து என் தங்கச்சின்னு சொன்னா, மத்தவங்க எங்க போவாங்க?"

பிஸ்கட் யோசித்துப் பார்த்தான். மற்றவர்கள் எங்கே போவார்கள் என்று அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

"ஆனா உங்க வலியை நான் மதிக்கிறேன்" என்றார் பொறுப்பாளர். "சனிக்கிழமை சாயங்காலம் வந்து படத்துக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூல்ல உட்கார முடியுமா? பேச வேணாம். சும்மா உட்கார்ந்தா போதும். 'உயிருள்ள பின்குறிப்பு'ன்னு ஒரு வரிசை ஆரம்பிக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை."

சுவரொட்டியை நிறுத்தும் அதிகாரம் இயக்குநருக்கு மட்டுமே உண்டு என்று தெரிந்தது. இயக்குநருக்கோ நேரமே இல்லை. கலைக்காக ஓடுகிற மனிதர். பிஸ்கட் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பல நாள் போய் வராந்தாவில் நின்ற பிறகு, அவருடைய செயலாளர் மனமிரங்கிச் சந்திப்புக்கு ஏற்பாடு செய்தார். நான்காம் மாடியிலிருந்து கார் நிற்கும் தரைத்தளம் வரை, இயக்குநருடன் லிப்ட்டில் கூடவே வரலாம்.

அதற்குள் ஓட்டு எண்ணி முடித்திருந்தார்கள். ரோஸ் அமோகமாக வென்றிருந்தது.

அன்றைக்கு லிப்ட்டுக்குள் இரண்டே பேர். இயக்குநர் நல்ல உயரம், வெள்ளி முடி, சந்தன நிறக் கோட்டு. பிஸ்கட் பேசத் தொடங்குமுன் அவரே தொடங்கினார். எல்லாம் கேள்விப்பட்டிருந்தாராம்.

"உங்களுக்கு ஒரு விஷயம் சொல்றேன். இந்தப் படத்தை வரைஞ்ச கலைஞர் இப்ப உயிரோட இல்ல. ஆனா அவரோட அக்கா இருக்காங்க. வயசானவங்க. தம்பி மேல உயிரையே வச்சிருந்தவங்க. போஸ்டரை நிறுத்திட்டோம்னு தெரிஞ்சா அவங்க மனசு என்ன பாடுபடும்? கூடப் பிறந்தவங்க மனசை நாம கொஞ்சம் யோசிக்க வேணாமா?"

"நானும் கூடப் பிறந்தவன்தாங்க" என்றான் பிஸ்கட்.

"அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன். உங்களுக்குத்தான் அந்த வலி தெரியும்."

அப்போது லிப்ட் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. விளக்கு அணைந்தது. மேலே மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது.

கொஞ்ச நேரம் இயக்குநர் கௌரவமாக நின்றார். பிறகு பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கினார். பிறகு எல்லாவற்றையும் உள்ளங்கையால் அடித்தார். அவசரத் தொலைபேசியை எடுத்தபோது ஒரு பெண் குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்றும், காத்திருக்கும் நேரத்தில் எங்கள் புதிய கண்காட்சியைப் பற்றிக் கேளுங்கள் என்றும் சொல்லி, பாப் ஆர்ட்டின் வரலாற்றைத் தொடங்கியது.

"காத்து வரல" என்றார் இயக்குநர். "யோவ், காத்து வரல. உனக்கு வருதா?"

"வருதுங்க. மேல இடுக்கு இருக்கு பாருங்க."

இயக்குநர் பார்க்கவில்லை. கோட்டைக் கழற்றி எறிந்தார். கதவில் இரண்டு கையாலும் அறைந்தார். "திற! உள்ள ஆள் இருக்கு! நான் இருக்கேன்! யாராவது இருக்கீங்களா! திறங்கடா!" இருட்டில் அவர் குரல் உடைந்து எங்கேயோ போயிற்று. அது யாருடைய குரலாகவும் இருக்கலாம் என்று பிஸ்கட்டுக்குத் தோன்றியது.

அவன் தடவிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். ஈரமாக, சின்னதாக, பயந்த கை. "ஒண்ணும் ஆகாதுங்க. உட்காருங்க. என்கூடச் சேர்ந்து மூச்சு விடுங்க. நான் எங்கயும் போகல." இதையெல்லாம் சொல்ல ஓர் ஆள் மூன்றாம் மாடியில் இருந்திருந்தானா என்று நினைத்தபோது அவனுக்கே மூச்சு முட்டியது. ஆனாலும் கையை விடவில்லை.

"நான் செத்துடுவேனா?"

"மாட்டீங்க."

"படத்தை எடுத்திடறேன்யா. போஸ்டரை எடுத்திடறேன். எல்லாத்தையும் எடுத்திடறேன். என்னைக் கைவிட்டுடாதே."

"சரிங்க" என்றான் பிஸ்கட். அழுகை வந்தது. ஆறுதலான அழுகை.

விளக்கு வந்தது. லிப்ட் ஒன்றும் தெரியாத பூனைபோல இறங்கித் தரைத்தளத்தில் கதவைத் திறந்தது. கையில் ஸ்பானரோடு நண்பன் நின்றிருந்தான். இயக்குநர் கோட்டை எடுத்து மாட்டி, முடியைக் கோதி, இருவரையும் பார்க்காமல் காருக்கு நடந்தார்.

"நான்தான் நிறுத்தினேன்" என்றான் நண்பன், கார் போனதும்.

"ஏன்டா இப்படிப் பண்ணினே? அந்தாளு செத்திருந்தா?"

"நாலு நிமிஷத்துல எவனும் சாக மாட்டான். ரோஸுக்கு ஓட்டுப் போட்ட கைடா இது. எதையாவது பண்ணித் தொலைக்கணும்ல?"

பிஸ்கட் அவனைத் திட்ட வாயெடுத்தான். அதற்குப் பதில் அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தான். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டான். என்னடா இன்னிக்கு இவ்வளவு குஷி என்று அம்மா கேட்டாள்.

அந்த வாரமே இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று நண்பனுக்கு. அருங்காட்சியக லிப்ட்டுகளுக்கு இனி அவன் தேவையில்லை. மற்றொன்று பிஸ்கட்டுக்கு. அருங்காட்சியகத்தின் அறநெறிக் குழு கூடுகிறது, முக்கிய முடிவு அறிவிக்கப்படும், அவசியம் வரவும்.

கூட்டம் கடைசிக் கூடத்திலேயே நடந்தது, முப்பது முகங்களுக்கு நேர் எதிரே. பிஸ்கட்டை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். நண்பனை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். முதலில் இறந்தவருக்காக ஒரு நிமிட மௌனம். அது நடக்கும்போது புகைப்படக்காரர் வெளிச்சம் சரியில்லை என்றதால், விளக்கைத் திருப்பிவிட்டு மீண்டும் ஒருமுறை மௌனம் காத்தார்கள்.

இயக்குநர் பேச எழுந்தார்.

"நண்பர்களே, நேற்றுவரை நான் இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றுதான் எனக்கு இது தெரிகிறது. சில நாட்களுக்கு முன்னால் ஒரு லிப்ட்டில் நான் சிக்கினேன். இருட்டு. காற்று இல்லை. நண்பர்களே, நான் அந்த ஜன்னலில் நின்றேன்! நான்கு நிமிடம் நானும் எரிந்தேன்!"

யாரோ விம்மினார்கள். பொறுப்பாளர் குறிப்பெடுத்தார்.

"சாவின் வாசலில் எனக்கு ஒரு சாதாரண மனிதர் கை கொடுத்தார். அவர் இங்கே இருக்கிறார். அவருக்கு நான் அந்த இருட்டில் ஒரு வாக்குக் கொடுத்தேன். எடுத்துவிடுகிறேன் என்றேன். கொடுத்த வாக்கிலிருந்து நான் மாறுகிறவன் அல்ல." அவர் பிஸ்கட்டைப் பார்த்துக் கை கூப்பினார். பிஸ்கட்டும் பதிலுக்குக் கூப்பினான். "இந்தப் படத்தை நான் எடுக்கத்தான் போகிறேன். இந்த நான்கு சுவருக்குள்ளிருந்து எடுத்து, மக்களிடம் கொண்டுபோகப் போகிறேன்! நான் பட்ட வலி என்னோடு நின்றுவிடக் கூடாது. நூறு பேருந்து என்று முதலில் நினைத்திருந்தோம். போதாது. ஊரில் ஓடும் அத்தனை பேருந்திலும் இந்த முகம் போகும்!"

கைதட்டல் எழுந்தது. பிஸ்கட்டுக்குக் கைகளைப் பிரிக்கத் தோன்றவில்லை, கூப்பியபடியே உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்தவர் குனிந்து, "உங்களுக்கு ரொம்பப் பெருமையா இருக்கும், இல்ல?" என்றார்.

"சார்" என்று பிஸ்கட் எழுந்தான். "சார், நீங்க வேற மாதிரி சொன்னீங்க."

"உணர்ச்சிவசப்படுகிறார்" என்றார் இயக்குநர், மிகுந்த கனிவோடு. எல்லோரும் இன்னொரு முறை கைதட்டினார்கள்.

போகும்போது ஒரு துணிப்பையைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதில் ரோஸ் நிறத்தில் தங்கை இருந்தாள். நாற்காலிக்கு அடியில் விட்டுவிட்டுப் போகலாம் என்று வைத்தான். நாலடி நடந்தபோது, அவளை அங்கே விட்டுவிட்டுப் போகிறோம் என்று தோன்றியது. திரும்பி வந்து எடுத்துக்கொண்டான். வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது. முகம் உள்பக்கம் வரும்படி மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். நண்பன் ஒன்றும் கேட்காமல் அதை வாங்கித் தன் கருவிப் பையின் அடியில், ஸ்பானர்களுக்குக் கீழே வைத்தான்.

"என் வீட்டுல இருக்கட்டும்டா. நான் பார்த்துக்கறேன்."

சுவரொட்டிகள் ஒரே நாளில் வந்தன. பிஸ்கட் காலை ஷிப்ட்டுக்குப் போகும் வழியில் ஆள் இல்லாத இடங்களில் கிழித்தான். எதிர்ச் சந்தில் நண்பன் கிழித்தான். மறுநாள் அதே இடங்களில் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். படைப்புக்கு மக்கள் தரும் ஆவேசமான எதிர்வினை என்று பொறுப்பாளர் வானொலியில் சொன்னார். மக்கள் விருப்பத்துக்கு இணங்கி, கண்காட்சி இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கப்பட்டது.

அம்மாவின் ஆபரேஷனைத் தள்ளிப் போட முடியுமா என்று பிஸ்கட் மருத்துவரிடம் கேட்டான்.

"ஏன்? சர்க்கரை ஏதாவது ஏறியிருக்கா?"

"இல்லைங்க. இப்ப பார்க்குறதுக்கு ஒண்ணும் பெருசா இல்லை. அதான்."

மருத்துவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பெற்ற தாய்க்குக் கண் வருவதில் இந்தப் பிள்ளைக்கு என்ன நஷ்டமோ என்று நினைத்திருப்பார். சொன்ன நாளில் ஆபரேஷன் நடந்தது.

கட்டுப் பிரித்த அன்று நண்பன் தெரிந்தவரிடம் ஒரு கார் கேட்டு வாங்கிக் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியிருந்தான். பின் கண்ணாடிகளுக்கு இரண்டு பக்கமும் துண்டு கட்டியிருந்தான். வெயில் படக் கூடாதாம். அம்மா காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எதுக்குடா இந்தத் திரை? இத்தனை வருஷம் பொத்தி வச்ச கண்ணு. நான் பஸ்லதான் வருவேன். நாலு மனுஷ மூஞ்சியப் பார்த்துட்டு வரேன்."

"வெயில்மா..."

"கறுப்புக் கண்ணாடி குடுத்திருக்காங்கல்ல? வா."

சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கிவிட்டாள். யாரும் கையைப் பிடிக்காமல், பள்ளம் மேடு பார்த்து, தானாக. பிஸ்கட் பின்னால் ஓடினான். நண்பன் காரின் பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

நிறுத்தத்தில் அவள் இருந்தாள். கண்ணாடிச் சட்டத்துக்குள், ஆள் உயரத்துக்கு, ரோஸ் நிறத்தில். பிஸ்கட் போய் அதன் முன்னால் முதுகைக் காட்டி நின்றுகொண்டான். தன் உடம்பு இவ்வளவு ஒல்லி என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். "எவ்வளவு நரைச்சுட்டடா நீ" என்றாள். கன்னத்தைத் தொட்டாள். பிறகு, "கொஞ்சம் தள்ளு. பின்னாடி என்ன அது, இவ்வளவு கலரு?" என்றாள்.

"விளம்பரம்மா. ஒண்ணுமில்ல."

"தள்ளேன்டா."

அவன் தள்ளினான். அம்மா கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நெருங்கிப் போனாள். வெகு நேரம் பார்த்தாள். பிஸ்கட் அவள் பின்னால் இரண்டு கையையும் விரித்தபடி நின்றான், விழுந்தால் பிடிக்க.

"யாருடா இந்தப் பொண்ணு? பாட்டுப் பாடுறவளா?"

பிஸ்கட் இன்னும் ஓர் அடி நெருங்கி நின்றான்.

"எப்படி வாயத் திறந்து பாடுறா பாரு. முழுத் தொண்டையில. எவனுக்கும் பயப்படாம." அம்மா கண்ணாடிச் சட்டத்தின் மேல் விரலை வைத்தாள். "கொஞ்சம் நம்ம சின்னவ ஜாடை இல்ல?"

"கொஞ்சம்" என்றான் பிஸ்கட்.

"ஆனா அவ எங்க இப்படி வாயத் திறந்தா? உரக்க ஒரு வார்த்தை பேசினதில்ல, பாவம். சத்தம் காட்டாமலே போயிட்டா." முந்தானையால் சட்டத்தின் தூசியைத் துடைத்தாள். "இந்தப் பொண்ணு குடுத்து வச்சவ. ஊரே கேக்குது. கச்சேரி எப்பவாம், போட்டிருக்கா?"

"மூணு மாசம் நடக்கும்மா."

"அப்ப ஒரு நாள் என்னைக் கூட்டிட்டுப் போ. உன் லிப்ட்டுக்காரனையும் கூப்பிடு."

"சரிம்மா."

பேருந்து வந்தது. அதன் பக்கவாட்டில் முழுக்க ஒரே ஒரு முகம், முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை. கதவை எங்கே வைப்பது என்று வடிவமைத்தவர்கள் யோசித்திருக்க வேண்டும். வாய் இருந்த இடத்தில் வைத்திருந்தார்கள். காற்றுப் போகும் சத்தத்தோடு அது இரண்டாகப் பிரிந்து திறந்தது. உள்ளே இருட்டாக இருந்தது. கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது.

"பிடிக்க வேணாம், எனக்குத் தெரியுது" என்று சொல்லிவிட்டு அம்மா முதல் படியில் கால் வைத்தாள். பிஸ்கட் அவள் பின்னால் ஏறினான். கதவு மூடிக்கொண்டது.